ஆட்டம் இல்லாத ஸ்டீரிங்

1. மூன்றாவது சீட்டு

வீரையா லாரியைப் பட்டறை வாசலில் நிறுத்தி இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். ஒரே மாதத்தில் அது மூன்றாவது தடவை. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“தம்பி, இந்தத் தரம் டைட் பண்ணாத. நீ டைட் பண்ணப் பண்ணத்தான் இது எனக்கு எமனா வருது.”

“சீட்டுல ஸ்டீரிங் லூஸ்னு போட்டிருக்கே அண்ணே.”

“சீட்டா லாரி ஓட்டுது? நான் ஒரு பாட்டம் சொல்றேன். கிராணி ரெண்டு வார்த்தையில எழுதி முடிச்சிர்றான். அவன் காத்தாடிக்குக் கீழ உக்காந்துக்கிட்டு எழுதுறான்லா. நான்ல ரோட்டுல கெடந்து சாவுறேன்.”

1930களின் தொடக்கம் அது. ஜார்ஜ்டவுனில் ஒரு மோட்டார் பட்டறையில் நான் ஃபிட்டர்களுக்குத் தலைவனாக இருந்தேன். வயது இருபத்தாறு. சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணியவன். கம்பெனிக்காரர்கள் வண்டியோடு அனுப்பும் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துப் பார்த்து வேலை செய்கிற ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு அளவுக்கு மீறிய கர்வம். ஒரு ஐஸ் கம்பெனியின் ஆறு லாரிகளும் எங்களிடம்தான் வேலைக்கு வரும். வீரையா ஓட்டியது அவற்றில் சிறியது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. காலையில் மீன்பிடிக் கம்பங்களுக்கு, அதாவது கடலோரக் கிராமங்களுக்கு, ஐஸ் ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் வரை போய், காலியாகத் திரும்பும்.

பட்டறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியில் என்ன கோளாறு என்பதை டிரைவர் தன் கம்பெனி கிராணியிடம், அதாவது குமாஸ்தாவிடம், சொல்ல வேண்டும். கிராணி அதை ஆங்கிலத்தில் சீட்டாக எழுதுவார். நாங்கள் சீட்டுக்கு வேலை செய்வோம். டிரைவர் எங்களிடம் வாயால் சொல்வது கணக்கில் வராது. அந்த வழக்கத்தை நான் ஏற்படுத்தவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டவன் நான்.

வீரையாவின் மூன்று சீட்டிலும் ஒரே வாசகம்: ஸ்டீரிங் லூஸ். வீரையா ஒரு தடவைகூட லூஸ் என்று சொல்லவில்லை. அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் அப்படியே எழுத முடியும்.

“வளைவுல திருப்பிட்டுக் கைய லேசா விட்டா, நல்ல லாரின்னா வீல் தானா நேருக்கு வரணும். இது வரல. திருப்புன பக்கமே கெடக்குது. நான்தான் இழுத்துக் கொண்டாரணும். நேர் ரோட்டுலயும் சும்மா போகாது. இந்தப் பக்கம் மேயுது, அந்தப் பக்கம் மேயுது. ஐஸ் ஏத்துனா கொஞ்சம் அடங்கும். காலியா வந்தா கொண்டாட்டந்தான். பிரேக் வச்சா வலது பக்கம் பாயுது.”

இதைவிடத் தெளிவாக ஒரு கோளாற்றை யாரும் சொல்ல முடியாது. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு நன்றாக எழுதி நான் பார்த்ததில்லை. அப்படிச் சொன்ன மனிதரை எதிரில் நிறுத்தி வைத்துக்கொண்டு, நான் ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைத் தூக்கினேன். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். ஆட்டம் இல்லை. ஸ்டீரிங் வீலைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் காலங்குலம்கூட வெட்டி ஓட்டம் இல்லை. ஆட்டம் இல்லை என்றால் லூஸும் இல்லை. ஆனால் சீட்டில் லூஸ் என்று இருக்கிறது. ஆகவே ஸ்டீரிங் பெட்டியின் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவை இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். மூன்றாவது தடவையாக.

“ஒரு தரம் பக்கத்துல உக்காந்து வா தம்பி. குளுகோர் வரைக்கும் வந்தாப் போதும். உனக்கே தெரிஞ்சிரும். வேற ஒண்ணுங் கேக்கல.”

“எனக்கு வேற வேலை இல்லையா? மத்த அஞ்சு லாரிக்காரங்க ஒண்ணும் சொல்லலையே அண்ணே. உங்க கைதான் ஆடுதோ என்னமோ. நேத்து சாயங்காலம் எந்தக் கள்ளுக்கடை?”

பட்டறையே சிரித்தது. வீரையா குடிக்காதவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவர், “படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?” என்று மட்டும் கேட்டுவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

நேரம் இல்லை என்று நான் சொன்னேனே, அன்று நான் செய்த வேலை ஒரு தோட்டத் துரையின் காருக்கு ஹார்ன் மாற்றியது.

2. குளுகோர் பாலம்

ஒன்பது நாள் கழித்து லாரி கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. குளுகோர் பக்கம் ஒரு சின்னப் பாலத்தில் எதிரே மாட்டு வண்டி திரும்பியிருக்கிறது. காலி லாரி. வீரையா பிரேக் வைத்தார். லாரி வலது பக்கம் பாய்ந்தது. ஒரு மாட்டை அடித்துவிட்டுப் பாலத்துச் சுவரில் போய் முட்டி நின்றது. மாட்டுக்குக் கால் ஒடிந்து, அங்கேயே கொன்று போட வேண்டியதாயிற்று. வண்டிக்காரர் குதித்துத் தப்பினார். வீரையாவுக்கு நெற்றி பிளந்து, முன்பற்கள் இரண்டு போயின.

போலீஸ் எழுதிக்கொண்டு போனது. ஐஸ் கம்பெனித் துரை எங்கள் பட்டறைக்குக் கடிதம் அனுப்பினார்: ஸ்டீரிங்கைச் சோதித்து எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். லாரியில் கோளாறு என்றால் டிரைவர் மேல் குற்றம் இல்லை. லாரியில் கோளாறு இல்லை என்றால் டிரைவருக்கு வேலை இல்லை. லைசென்ஸையும் பறிக்கச் சொல்லிப் போலீசுக்கு எழுதுவார்.

அந்தக் காலத்தில் வேலை போவது என்றால் என்ன என்று இப்போது படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்தன. சுங்கை பாக்காப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பும் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். வீரையாவுக்கு மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும். லைசென்ஸ் ஒன்றுதான் அந்தக் குடும்பத்தை இந்த ஊரில் நிறுத்தி வைத்திருந்தது.

3. தடித்த பக்கம்

அறிக்கை எழுத வேண்டும் என்றதும்தான் நான் ஒழுங்காக வேலை செய்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அடிக்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு மனிதர் மூன்று முறை கெஞ்சியபோது வராத நேரம், துரையின் கடிதம் வந்ததும் வந்துவிட்டது.

முட்டியதில் ரேடியேட்டரும் மட்கார்டும்தான் நசுங்கியிருந்தன. ஆக்ஸில் வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்து அளந்தேன், வளையவில்லை. டிராக் லிங்க்கைக் கழற்றி உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளைப் பார்த்தேன். நன்றாக இருந்தன. டை ராடின் இரண்டு முனைகளும் சரி. கிங் பின் தேயவில்லை. சக்கரத்து பேரிங்குகள் சரி. எல்லாமே இறுக்கமாக இருந்தன. ஸ்டீரிங் பெட்டி தேவைக்கு மேலேயே இறுக்கமாக இருந்தது. அது என் கைவண்ணம்.

வேறு ரேடியேட்டர் மாட்டியபின், லாரியைத் தனியாக ஜெலுத்தோங் ரோட்டுக்கு எடுத்துப் போனேன். நூறு கெஜம் போவதற்குள் தெரிந்துவிட்டது. ஒரு வளைவில் திருப்பிவிட்டு வீலை விட்டேன். அது அங்கேயே கிடந்தது. நேர் ரோட்டில் மேய்ந்தது. பிரேக்கைத் தொட்டதும் வலது பக்கம் பாய்ந்தது. வீரையா சொன்ன வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக நடந்தது.

திரும்பி வந்து ஆக்ஸிலுக்குக் கீழே படுத்தேன். கோளாறு கண்ணுக்கு நேரே இருந்தது.

முன் ஆக்ஸிலின் மேல் ஸ்பிரிங் பட்டைகள் உட்காரும் இடத்தில் ஒரு சரிவான இரும்புத் தகடு உண்டு. வெட்ஜ் என்போம். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. அதுதான் சக்கரம் திரும்புகிற அச்சான கிங் பின்னைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து நிறுத்துகிறது. அந்தச் சாய்வு இருந்தால்தான் திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வரும். சைக்கிளில் கையை விட்டு ஓட்ட முடிவதற்கும் முன் ஃபோர்க்கின் சாய்வு ஒரு காரணம். சாய்வு எதிர்ப்பக்கம் போனால் எதை இறுக்கினாலும் வண்டி மேயும். இறுக்க இறுக்க இன்னும் மோசமாகும், ஏனென்றால் திரும்பி வர வேண்டிய சக்கரத்தை அந்த இறுக்கமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் முன்பக்கம் நிமிர்ந்து சாய்வு கொஞ்சம் கிடைக்கும். காலியானால் அதுவும் போய்விடும். பிரேக் வைத்தால் ஆக்ஸில் முன்னால் முறுக்கிக்கொள்ளும், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்சமும் போய்விடும்.

ஐஸ் பாரம் தாங்கவில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த லாரிக்கு முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டோம். மற்ற ஐந்து லாரிகளிலும் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்குக் கீழே தொங்கும். அவற்றில் வெட்ஜின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். இந்த ஒரு லாரியில் ஸ்பிரிங் ஆக்ஸிலுக்கு மேலே. இதில் தடித்த பக்கம் பின்னால் வர வேண்டும். ஐந்து லாரிக்குப் பழகிய கை, ஆறாவதற்கும் முன்னாலேயே வைத்துவிட்டது. புத்தகத்தில் படம் இருந்தது. அந்த வேலைக்குப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தெரியும் என்று நினைத்தேன்.

வேறு யார் மேலும் போட வழியில்லை. ஸ்பிரிங்கையும் வெட்ஜையும் ஆக்ஸிலோடு சேர்த்துப் பிடிக்கும் அந்த யூ போல்ட்டுகளை முடுக்கியது என் கை.

4. மேனேஜர்

பட்டறை மேனேஜர் ராயப்பன் எங்கள் மாதா கோயிலைச் சேர்ந்தவர். எனக்கு அந்த வேலையைப் போட்டுக் கொடுத்தவரும் அவரே. ஞாயிறு பூசையில் முன் பெஞ்சில் மார்பில் கை வைத்து நிற்பார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சொன்னதற்காக எனக்கு யாரும் நல்ல பெயர் தர வேண்டாம். அவர் ஏதாவது வழி சொல்லுவார் என்ற நினைப்பில்தான் சொன்னேன்.

“வெட்ஜை இப்ப திருப்பிட்டியா?”

“இன்னும் இல்ல சார்.”

“போய்த் திருப்பு. ஸ்டீரிங் பெட்டியையும் பழைய அளவுக்கு வை. அப்புறம் ரிப்போர்ட் எழுது. நீ சோதிக்கிறப்ப எப்படி இருக்கோ அப்படி எழுது.”

“அப்ப வீரையா?”

“நம்ம தப்புன்னு எழுதுனா ஆறு லாரியும் நாளைக்கே வேற பட்டறைக்குப் போயிரும். பதினெட்டுப் பேரு இங்க வேலை செய்யிறான். அவனுங்களுக்கெல்லாம் நீ கஞ்சி ஊத்துவியா? அந்தோணி, நான் உன்னைப் பொய் எழுதச் சொல்லலப்பா. ஒரு வார்த்த பொய் வேணாம். உள்ளத மட்டும் எழுது.”

அவர் மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் பேனா அவர் கையில் இல்லை.

வெட்ஜுகளைத் திருப்பினேன், ஸ்டீரிங் பெட்டியைத் தளர்த்தினேன். மறுபடி ரோட்டுக்குக் கொண்டுபோனேன். வளைவில் கையைத் தளர்த்தினேன். வீல் என் உள்ளங்கைக்குள் தானே சுழன்று நேருக்கு வந்தது. அவ்வளவு அழகாக ஓடியது அந்த லாரி. அதற்குப் பிறகு பட்டறைக்கு வந்து, நல்ல ஆங்கிலத்தில், நல்ல கையெழுத்தில் எழுதினேன். ஸ்டீரிங் இணைப்புகள் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கப்பட்டன. எதிலும் தேய்மானம் இல்லை, ஆட்டம் இல்லை. விபத்துக்கு முன் ஒரே மாதத்தில் மூன்று முறை இதே புகாருக்காகச் சோதிக்கப்பட்டு, மூன்று முறையும் ஆட்டம் இல்லை என்றே காணப்பட்டது. ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில் லாரி நேராகச் செல்கிறது.

ஒவ்வொரு வரியும் உண்மை. அவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் எழுதியதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஆங்கிலம் முழுவதும் அன்று உதவியது.

5. படித்துக் காட்டியது

மறுவாரம் வீரையா பட்டறைக்கு வந்தார். நெற்றியில் கட்டு. கையில் ஐஸ் கம்பெனிக் கடிதம். மற்றவர்களை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“கிராணி என்னமோ சொல்றான் தம்பி. எனக்கு அவன் மேல நம்பிக்க இல்ல. நீ படிச்சுச் சொல்லு.”

வேலை நீக்கக் கடிதம். எங்கள் பட்டறை அறிக்கையிலிருந்து இரண்டு வாக்கியங்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். நான் எழுதிய ஆங்கிலத்தை நானே தமிழில் அவருக்குச் சொன்னேன்.

“ஆட்டம் இல்லன்னு எழுதியிருக்கா?”

“ஆமா அண்ணே.”

“ஆட்டம் இருக்குன்னு நான் எப்பச் சொன்னேன்? திரும்பி வரமாட்டேங்குதுன்னுதானே சொன்னேன். அத எழுதலையா?”

“அது… இதுல இல்ல.”

“யாரு எழுதுனது இத?”

“பட்டறையில எழுதுனது.”

அவர் பற்கள் போன இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு நின்றார். கோபம் என் மேல் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “உனக்கும் தெரியாமப் போச்சு, பாவம்,” என்றார். “ஒரு தரம் பக்கத்துல வந்திருந்தீன்னா தெரிஞ்சிருக்கும்.” கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

லைசென்ஸும் போயிற்று. மூன்று மாதத்தில் நான் பட்டறைக்கே ஃபோர்மன் ஆனேன்.

6. துறைமுகத்தில்

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவர் கப்பல் ஏறவில்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு மத்தியானம் தேடிக்கொண்டு போனேன். படகிலிருந்து அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயது ஆள், இருபது வயதுக்காரர்களுக்கு நடுவில். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றவரைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்தது.

“என்ன ஃபோர்மன், இந்தப் பக்கம்? ஹார்பர் கிரேனுக்கு ஸ்க்ரூ டைட் பண்ண வந்தியா?” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெட்ஜை முன்பின்னாக மாற்றி வைத்தது, பிறகு திருப்பி வைத்தது, ராயப்பன் சொன்னது, நான் எழுதியது. சொல்லி முடித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனசு லேசானதுபோல்கூட இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வீரையா தலையிலிருந்த சாக்கை எடுத்தார்.

“லாரியில கோளாறுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்லா. ஓட்டுனவன் நானு. உனக்குத் தெரிஞ்சிருக்குன்னுதான் எனக்குத் தெரியாது. தெரியாம எழுதிட்டான், சின்னப் பயன்னு நெனச்சிருந்தேன். வீட்டுலயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

“அண்ணே, என்னை மன்னிச்சிருங்க.”

“இரு. தொரைகிட்டச் சொன்னியா?”

“இல்ல.”

“போலீசுல?”

“இல்ல அண்ணே.”

“அப்ப இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்ற? நான் என்ன செய்யணும் இப்ப? மூட்டையோட சேத்து இதையும் தூக்கணுமா?” அவர் குரல் உயர்ந்தது. “மூணு பொம்பளப் புள்ளைங்கடா எனக்கு! போடா. போயி எழுதிக் குடு, அப்புறம் வா. எழுதாம எம் மொகத்துல முழிக்காத.”

எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எழுதவில்லை. அந்த மாதம் எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். பிறகு பிள்ளை. பிறகு ராயப்பன் ஓய்வு பெறட்டும் என்று இருந்தேன். கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது சின்னச் சின்னப் பாவங்களையெல்லாம் சொல்லி, இதை மட்டும் சொல்லாமல் எழுந்து வருவேன். சொன்னால் சாமியார், போய் அந்த மனிதருக்கு ஈடு செய்துவிட்டு வா என்பார். அது தெரிந்துதான் சொல்லவில்லை. நாலைந்து வருஷத்தில் வீரையா மார்வலி கண்டு செத்தார் என்று துறைமுகத்து ஆள் ஒருவர் சொன்னார். அந்தக் குடும்பம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. விசாரிக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

பட்டறை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஸ்டீரிங் பற்றி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். வண்டி மேய்கிறது என்று ஒருவர் வந்தால் ஜாக்கியைத் தொடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து போங்கள். காலியாக ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை. வளைவில் வீலை விட்டு, தானாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எதையும் இறுக்காதீர்கள். கடைசியாக அந்த ஆக்ஸிலில் யார் கை வைத்தார் என்று கேளுங்கள். அது உங்கள் கையாகவே இருக்கலாம்.

அப்படி இருந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதிக்கப்பட்டவனிடம் ஓடிப்போய் அழாதீர்கள். அது உங்கள் பாரத்தை அவன் தலையில் ஏற்றுவது. எவனால் அதைத் திருத்த முடியுமோ அவனிடம் போய்ச் சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள், வேலை போனால் போகட்டும். ஐஸ் கம்பெனி ஆபீஸ் எங்கள் பட்டறையிலிருந்து சைக்கிளில் ஐந்து நிமிஷம். பதினோரு வருஷம் காலையும் மாலையும் அதன் வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தேன். ஒரு நாள்கூடச் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.